சாப்டியா என்று கேட்ட திரை

இன்று புது லேப்டாப்பில் டெர்மினலின் பிராம்ப்டை, அதாவது நம் கட்டளைக்காகக் காத்து நிற்கும் அந்த வரியை, மாற்றி எழுதினேன்.

எட்டிப் பார்த்த மகள் சொன்னாள்: "ஏம்மா, எழுத்தைப் பச்சையாக்குற எஸ்கேப் கோட் போட்ட, அதை நிறுத்துற கோட் போடலையே. நீ அடிக்கிறதெல்லாம் பச்சையா வருது."

"இருக்கட்டும்டி. ஜெசிந்தாவும் அப்படித்தான் மறந்துட்டா."

தொண்ணூறுகளில் அருப்புக்கோட்டை கம்ப்யூட்டர் சென்டரில் எனக்கும் ஜெசிந்தாவுக்கும் சேர்த்து ஒரு மெஷின். நரிக்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வெறும் வயிற்றோடு வருவேன்.

ஒருநாள் எண்டரைத் தட்டினால், பிராம்ப்ட் இருக்கும் இடத்தில் பச்சையாக, ஆங்கில எழுத்தில், "சாப்டியா" என்று வந்தது. அவள் வேலை.

"இல்லை" என்று அடித்தேன். அதுவும் பச்சையாக விழுந்தது. தப்பான கட்டளை என்றது மெஷின்.

"அதுக்கு என்னடி தெரியும்" என்று டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளினாள்.

கோர்ஸ் முடிந்ததும் அவர்கள் குடும்பமே ஊர் மாறிப் போய்விட்டது. தினமும் பார்க்கிறவளிடம் யார் முகவரி கேட்பார்கள்?

இன்று நானே எழுதிவைத்த "சாப்டியா"வுக்கும் "இல்லை" என்று அடித்துப் பார்த்தேன். அப்படி ஒரு கட்டளையே இல்லையாம்.

முப்பது வருஷத்தில் கம்ப்யூட்டர் இவ்வளவுதான் முன்னேறியிருக்கிறது.