நாற்பத்தொன்பது டொலர் கூப்பனும் எட்டு மாதமும்

வீட்டுக்குள் காற்று ஓடுகிற குழாயைத் துப்புரவாக்குவது நல்ல தொழில்தான். உண்மையில் துப்புரவாக்கினோமா இல்லையா என்பது வீட்டுக்காரருக்குக் கடைசிவரை தெரியாது. தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் வீடு வாங்கி, சோற்றில் கைவைக்கிற நேரமாய்ப் பார்த்து "டக்ட் கிளீனிங் செய்யப்போறியளோ?" என்று போன் வந்து அவதிப்பட்டவர்களே, அந்தப் போனுக்குப் பின்னால் உங்கள் படியேறி வந்தவர்களில் நானும் ஒருவன். மன்னிக்கவேண்டும். ஆனால் என் பக்கத்து அவதியையும் கொஞ்சம் கேளுங்கள்.

அப்போது என் மனைவி வசந்தி கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தாள். அவளை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் செய்வதென்றால், எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று முதலாளி கையெழுத்திட்ட கடிதம் வேண்டும் என்று படிவம் நிரப்பித் தருகிறவர் சொல்லிவிட்டார். முதலாளி கடிதம் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆறு மாதம் வேலை செய்யவேண்டும், துப்புரவாக்குகிற வீடு ஒன்றுக்குச் சராசரி இருநூறு டொலர் கொண்டுவரவேண்டும், பிறகு தாராளமாகத் தருவாராம். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் விலை சொல்ல வாய் திறக்கும்போது எனக்கு அந்த லொட்ஜ் அறைதான் நினைவில் வரும்.

பத்து ஓட்டைகள்

கம்பனி அனுப்புகிற கூப்பனில் நாற்பத்தொன்பது டொலர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அது பத்து வென்றுக்கு மட்டும் என்பது கீழே பொடி எழுத்தில் இருக்கும். வென்ற் என்பது சூட்டுக் காற்று வருவதற்கு அறைக்கு அறை தட்டி போட்டு வைத்திருக்கிற ஓட்டை. சாதாரண வீட்டில் குறைந்தது பதினெட்டு இருக்கும். மிச்ச எட்டுக்கும் தனித்தனி விலை. காற்றைத் திருப்பி இழுக்கிற பெரிய ஓட்டைக்கு வேறு, வீட்டுக்கு அடியில், பேஸ்மென்றில், காற்றைச் சூடாக்குகிற ஃபேர்னஸுக்கு வேறு, கடைசியாகக் கிருமிக்கு மருந்தடிக்க வேறு. எல்லாம் ஏறி முடிய இருநூற்றெண்பதில் வந்து நிற்கும். மெசின் ஓட்டுகிற சிவநாதன் அண்ணை வானுக்குள் இருப்பார். உள்ளே போய் இந்தத் தொகையை முகம் மாறாமல் சொல்வதுதான் என் பங்கு.

ஸ்காபரோவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வீட்டில் அந்தத் தொகையைச் சொல்ல இடமே கிடைக்கவில்லை. நான் போக முதலே அவர் பத்து வென்றுக்குப் பக்கத்தில் சோக்கட்டியால் சரி போட்டு வைத்திருந்தார். பத்தும் அவருடைய குடும்பம் இருக்கிற மேல்மாடியில். "ஐயா, எல்லாம் ஒரே குழாய்தான், மேலையும் கீழையும் ஒரே காத்துத்தான் சுத்துது" என்று விளங்கப்படுத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டார்.

"மற்ற எட்டும் கீழ வாடகைக்கு இருக்கிறவையின்ரை. அவைக்கு வேணுமெண்டால் அவை பிறிம்பாக் கூப்பிடுவினம்."

வெள்ளிக்கிழமைத் தண்ணி

புதிதாக வீடு வாங்கிய ஒரு அக்கா. குசினி வென்றின் தட்டியைக் கழற்றி ரோச் லைற் அடித்துப் பார்த்தேன். உள்ளே தகரம் முழுக்கத் துரு, அடியில் மஞ்சள் கறை. மூக்கை வைத்தால் மஞ்சள் மணம். எத்தனையோ குழாய் பார்த்தவன், இப்படி ஒன்று பார்க்கவில்லை. விசாரித்தால், வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் தண்ணி தெளித்து வீடு கழுவி, அந்தத் தண்ணியை விளக்குமாற்றால் அந்த ஓட்டைக்குள் தள்ளிவிட்டிருக்கிறா. நிலத்தில் ஓட்டை இருந்தால் அது தண்ணி போகத்தானே என்று நினைத்தாவாம். அவவில் பிழையில்லை. எனக்கும் வந்த புதிதில் அந்த எண்ணந்தான் இருந்தது.

அந்த ஆறு மாதத்தில் மனச்சாட்சி உறுத்தாமல் முழு விலையும் சொன்னது அந்த வீட்டில் மட்டுந்தான். அக்கா விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்தினா.

"இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ தம்பி. எங்கட வீட்டைப்போல துப்புரவான வீடு கனடாவிலயே இல்லையெண்டு ஆக்களுக்குச் சொல்லித் திரியிறார்."

ஒரு கேள்வி

மிசிசாகாவில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர், கம்ப்யூட்டர் வேலை. தேநீர் தந்து, சோபாவில் இருத்தி, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பேரம் பேசவில்லை. கடைசியில் ஒரேயொரு கேள்விதான் கேட்டார், "உங்க வீட்டுல இதைப் பண்ணியிருக்கீங்களா?" என்று.

என்னுடைய வீடு என்பது ஒரு பேஸ்மென்றில், மூன்று பேரோடு பங்குபோட்ட அறை. சுவருக்கு அந்தப் பக்கம் ஃபேர்னஸ் இரவு முழுக்க உறுமும். அதன் குழாயை யாராவது திறந்து பார்த்திருப்பார்களா என்பதே சந்தேகம். நான் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன், "ஓம், போன மாசந்தான் செய்தது" என்று.

"அப்ப சரி. நீங்களே பண்ணியிருக்கீங்கன்னா நான் எதுக்கு யோசிக்கணும்?"

சாமி எடுத்த புகை

ஆறாவது மாதக் கடைசி. இன்னும் ஒரு முழு விலை வீடு கிடைத்தால் சராசரி சரி, கடிதம் கையில். போன வீடும் அதற்கென்றே அமைந்ததுபோல் இருந்தது. ஐந்து வயது மகள், மாதக்கணக்காக இருமல். தகப்பன் இரண்டு வேலை செய்கிறவர். தாய் காசை என்வலப்பில் போட்டு ஆயத்தமாக வைத்திருந்தா. "எவ்வளவெண்டாலும் சொல்லுங்கோ தம்பி, பிள்ளைக்கு இருமல் நிண்டால் காணும்" என்றா. வாயைத் திறந்து இருநூற்றெண்பது என்று சொன்னால் போதும்.

வென்றுகளை எண்ணிக்கொண்டு வந்தேன். முன்னறை மூலையில் சாமித்தட்டு. அதற்கு நேர் பின்னால், சுவரில், காற்றை இழுக்கிற பெரிய ஓட்டை. தட்டி கறுத்துப் பிசுபிசுத்துக் கிடந்தது. "மற்ற வீடுகளில சாம்பிராணி போட்டால் புகை நிக்கும். எங்கட வீட்டில நிக்கிறேல்லை, சாமி உடன எடுத்திடுவார்" என்று தாய் பெருமையாகச் சொன்னா. கீழே போய் ஃபேர்னஸ் ஃபில்டரை இழுத்தேன். வீடு வாங்கிய நாளிலிருந்து மாற்றாதது, கம்பளி மாதிரி வந்தது. காலையும் மாலையும் போட்ட புகை அந்த ஓட்டையால் போய், குழாய்க்குள்ளால் சுற்றி, பிள்ளையின் கட்டிலடி வென்றால் வந்துகொண்டிருந்திருக்கிறது. குழாயை நாங்கள் கழுவியிருந்தாலும் இரண்டு கிழமையில் பழையபடி ஆகியிருக்கும்.

பேஸ்மென்றில் அந்த ஃபில்டரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றேன். வசந்தியை நினைத்தேன், மிசிசாகாக்காரரின் முகத்தையும் நினைத்தேன். பிறகு மேலே வந்து, சாமித்தட்டை யன்னல் பக்கம் மாற்றுங்கள், புது ஃபில்டர் கடையில் மூன்று டொலர், என்வலப்பைப் பத்திரமாக வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். தாய் நன்றி சொல்லவில்லை. அப்படியே நிலத்தில் குந்திவிட்டா.

"அப்ப இவ்வளவு நாளும் நான் பிள்ளைக்கோ புகை போட்டனான்?"

வானுக்குள்

சிவநாதன் அண்ணை மெசினை இறக்க ஆயத்தமாக நின்றார். "எவ்வளவு?" என்றார். "மூண்டு டொலர். அதுவும் கடைக்காரனுக்கு" என்றேன். அவர் என்னை ஏசவில்லை. கதவைச் சாத்தி, வானை எடுத்து, இரண்டு சிக்னல் தாண்டினார்.

"உன்ரை மனுசிக்கு நீயே போன் எடுத்துச் சொல்லு. என்னைச் சொல்லச் சொல்லாத."

கொழும்புக்கு ஒரு போன்

கடிதம் கிடைக்கவில்லை. முதலாளி சொன்ன சொல் தவறாதவர். பிளாஸ்டிக் ஃபக்டரி ஒன்றில் சேர்ந்தேன், கடிதத்துக்கு அங்கே பழையபடி முதலாம் மாதத்திலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று. வசந்திக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். போன் கார்ட்டில் நிமிசம் ஓடிக்கொண்டிருந்தது. அழப்போகிறாளோ என்று பயந்தேன். அவள், "அந்தப் பிள்ளைக்கு இருமல் நிண்டிட்டுதோ?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த கிழமை அந்தத் தாய்க்குப் போன் எடுத்துக் கேட்டேன்.

"முக்கால்வாசி நிண்டிட்டுது தம்பி. மிச்சம் உந்தக் குளிருக்காம்."

வந்து சேர்ந்தாள்

எட்டு மாதம் பிந்தி வசந்தி வந்து சேர்ந்தாள். எயார்போர்ட்டிலிருந்து நேரே நான் புதிதாக எடுத்திருந்த ஒற்றை அறைப் பேஸ்மென்றுக்குக் கூட்டிவந்தேன். அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. முகட்டில் இருந்த வென்றை அண்ணாந்து பார்த்து, கையை உயர்த்தி, வருகிற சூட்டுக் காற்றில் விரலை விரித்துப் பிடித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

"உந்தக் காத்துக்குத்தானோ எட்டு மாசம்?"

இப்போது எங்களுக்கும் பதினெட்டு வென்றோடு சொந்த வீடு இருக்கிறது. டக்ட் துப்புரவாக்க எவ்வளவு முடியும் என்று யாராவது கேட்டால், "எட்டு மாசம்" என்று திருத்த வசந்தி பக்கத்தில் இல்லாத நேரமாய்ப் பார்த்துத்தான் நாற்பத்தொன்பது டொலர் என்று சொல்கிறேன்.