ஊஸுக்கும் ஊட்டுக்கும் நடுவே

வேப்பம்பட்டு ஸ்டேஷனில் மின்ரயிலுக்குக் காத்திருக்கிறேன். பத்து வருடமாக நான் குடியிருப்பது வட இங்கிலாந்தில் ஒரு கிராமம். அங்கே கிழவர்கள் 'ஹவுஸ்' என்பதை 'ஊஸ்' என்கிறார்கள். ஒரு காலத்தில் இங்கிலாந்து முழுக்க 'ஹூஸ்'தானாம். லண்டன்காரர்கள் மாறிவிட்டார்கள், இவர்கள் மாறவில்லை. முதலில் கேட்டபோது, வீட்டை 'ஊடு' என்னும் என் அம்பத்தூர்க்காரர்கள் எனக்கு முன்பே கப்பலேறிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

ஒரு கொய்யாவை எடுத்துக்கொண்டு காசை நீட்டுகிறேன். விற்கும் அக்கா கேட்கிறார்: "எங்க சார் போவணும்?"

அந்த 'சார்' குத்துகிறது. நானும் இந்தப் பக்கத்து ஆள்தான் என்று காட்ட, பழைய பேச்சை வாய்க்குள் கூட்டிக்கொண்டு சொல்கிறேன். "ஊஸுக்குக்கா."

"ஊசிக்கா? ஆஸ்பத்திரி அந்தாண்ட கீது."

"இல்லக்கா, ஊட்டுக்கு. அம்பத்தூரு."

அவர் சிரிக்கிறார். "அத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா நைனா? ஊட்ல யார் யார் கீறாங்க?"

அந்த வீட்டை விற்று ஆறு வருடமாகிறது. ஆனால் 'சார்' போய் 'நைனா' வந்திருக்கிறதே, அதை எப்படி விடுவது?

"எல்லாரும் கீறாங்கக்கா."

"அப்ப ஒண்ணு எப்படிப் போதும்? நாலா வாங்கிகினு போ."

நாலு கொய்யாவோடு ரயிலேறுகிறேன், லாட்ஜுக்கு.