டெலீட் பட்டனும் தெய்வநாயகியின் அணில்களும்

ஆரணியில் பட்டுப்புடவைக்கு கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற தெய்வநாயகிக்கு வாயும் அதிகம், கை வேகமும் அதிகம். கல்யாணம் மட்டும் முப்பதைத் தாண்டித்தான் கூடி வந்தது. "உன் முகூர்த்தப் பொடவை என் செலவு. டிசைன் நீயே போட்டுக்கோ" என்று ஓனர் சிவப்பிரகாசம் சொன்னதும் ஆளைப் பிடிக்க முடியவில்லை. பார்டர் முழுக்க அணில் ஓட வேண்டும், அதுவும் வாலைத் தூக்கிக்கொண்டு. சின்ன வயசிலிருந்தே அவளுக்கு அப்படி ஓர் ஆசை.

ஆனால் கம்ப்யூட்டரில் ஓனருக்குத் தெரிந்தது ஒரே பட்டன், டெலீட். டீயும் கையுமாக வருவார், பிடிக்காததை கிளிக் பண்ணி டப்பென்று அமுக்குவார், போய்விடுவார். "பொடவைல மாங்கா இருந்தா பத்தாதா? எலி இன்னாத்துக்கு?" என்று அவள் போடப் போட அழித்தார். எலியாம்!

அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, கம்ப்யூட்டரின் உள்செட்டிங்கான ரெஜிஸ்ட்ரிக்குள் புகுந்து டெலீட் பட்டனை நம்லாக் பட்டனாக மாற்றி ரீஸ்டார்ட் பண்ணினாள். இனி அதை அமுக்கினால் எதுவும் அழியாது. கீபோர்டு மூலையில் பச்சை விளக்கு எரியும், அணையும், அவ்வளவுதான். கீபோர்டையே மாற்றினாலும் கம்ப்யூட்டர் மறக்காது.

ஓனர் வந்து அமுக்கினார். விளக்கு எரிந்தது, அணில் அசையவில்லை. மறுபடி அமுக்கினார். விளக்கு அணைந்தது. "இன்னாம்மா பேஜாரா கீது" என்று ஜல்தியாகப் போய்ப் புது கீபோர்டு வாங்கி வந்து மாட்டினார். அதுவும் கண்ணடித்தது. மனுஷன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ராமர் தடவிக் குடுத்த ஜீவன் நாயகி. இது போவாது." தெய்வநாயகி துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அதோடு விட்டாரா? பக்தி முற்றிப்போய் மவுசைப் பிடுங்கினார். "பாவம், ஓடிகினே கீதுங்களே, துன்ன எதுனா வேணாமா?" என்று முந்தானை நடுவில் ஒரு பலாப்பழம் வரைந்தார். பழமா அது! முள் முளைத்த தலையணை. அதை அழிக்க அவளுக்கு வேறு வழி ஆயிரம் தெரியும். ஆனால் அழித்தால் குட்டு உடைந்துவிடுமே! பல்லைக் கடித்துக்கொண்டு தறிக்கு அனுப்பினாள்.

மண்டபத்தில் மாப்பிள்ளையே முந்தானையை எட்டிப் பார்த்து, "பலாப்பழம் சூப்பருங்க" என்றார். வந்த பெண்களெல்லாம் ஓனரைச் சூழ்ந்துகொண்டு அதே பழம் கேட்டார்கள். அணிலை ஒருத்தியாவது கேட்க வேண்டுமே. பாவி ஜனங்க!

வேலைக்குத் திரும்பியதும் முதல் காரியமாக டெலீட் பட்டனைப் பழையபடி ஆக்கினாள். ஓனர் கண்ணெதிரே பழத்தை அழித்து, "சாமி மனசு மாறிடுச்சுண்ணா" என்று சொல்லிவிடத் திட்டம். அதற்குள் அவரே டீயோடு வந்துவிட்டார்.

"ஆர்டர் வந்துகினே கீது. எல்லாருக்கும் பழம் மட்டும் போதுமாம்" என்றபடி, பழக்க தோஷத்தில் அணில்களை கிளிக் பண்ணி டப்பென்று அமுக்கினார். வரிசை மொத்தமும் காணாமல் போனது.

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். "பாத்தியா நாயகி! உன் கல்யாணத்துக்குன்னே வந்து நின்னுதுங்க. வந்த வேலை முடிஞ்சுது, கெளம்பிடுச்சுங்க!"

வேறு வழியில்லாமல் தெய்வநாயகியும் கும்பிட்டாள். திரையில் பலாப்பழம் மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.