கைப்பை வைத்த கதிரை

பார் என்றால் எனக்குத் தெரிந்தது, கதிரைகள் எல்லாம் காலை மேலே தூக்கிக்கொண்டு மேசைகளில் கவிழ்ந்து கிடக்கும் ஓர் இடம்தான். சூரிச்சில் பதினொரு வருடம் ஒரு பாரைத் துப்புரவு செய்தேன். காலை ஐந்து மணிக்குத் திறப்புப் போட்டு உள்ளே போவேன். ஏழு மணிக்கு நிலம் காய்ந்ததும் கதிரைகளை இறக்கி அடுக்கிவிட்டு வீடு இருக்கும் ஷ்லீரனுக்கு ரயில் ஏறிவிடுவேன். அந்தக் கதிரைகளில் ஒருநாளும் நான் உட்கார்ந்ததில்லை. ஆகவே போன வருடம் கிரேக்கத் தீவொன்றில், மலை உச்சியில் இருக்கும் ஒரு சின்ன ஊரில், நானே ஒரு பாருக்குப் போய்க் கால் நீட்டி உட்கார்ந்தேன் என்றால் எங்கள் ஆட்கள் நம்பமாட்டார்கள். நானும் இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

மகளும் நானும் போவதாகத்தான் ஏற்பாடு. புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது பேரனுக்குக் கொப்புளிப்பான் அம்மை போட்டுவிட்டது. பயணத்தை நிற்பாட்டுவோம் என்றாள் மகள். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் ஓம் என்றிருப்பேன். "நீங்கள் தனியப் போய் அங்க என்னம்மா செய்யப் போறீங்கள்?" என்று கேட்டாள். எனக்குச் சுறுக்கென்று ஏறிவிட்டது.

"ஏன், எனக்குக் கால் இல்லையோ?" என்றேன். சொன்னபிறகு போகாமல் இருக்க முடியாது. நான் அப்படித்தான், வாய் போகும் இடமெல்லாம் காலும் பின்னால் போகவேண்டியிருக்கிறது.

முப்பது வருடத்துக்கு மேல் சுவிஸில் இருந்து நாங்களும் பயணம் போகாதவர்கள் அல்ல. பாரிஸ், லண்டன், ஒஸ்லோ, டொரொன்டோ என்று எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் அத்தனையும் சொந்தக்காரர் இருக்கும் ஊர்கள். கல்யாணம், சாமத்தியவீடு, செத்தவீடு, இப்படி ஏதாவது ஒன்றுக்காகப் போவோம். போய் அவர்கள் வீட்டு வரவேற்பறையில் படுப்போம். சொந்தக்காரர் இல்லாத ஊருக்கு எதற்காக ஒரு மனுசர் போகவேண்டும்? இந்தத் தீவில் எனக்கு ஒருவரும் இல்லை என்பது தெரிந்தும், பழக்கதோஷத்தில் பெட்டியின் அடியில் மூன்று கிலோ சொக்லேட் அடுக்கியிருந்தேன். ஹோட்டல் அறையில் பெட்டியைத் திறந்தபோதுதான் உறைத்தது. இதை யாருடைய பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போகிறேன்?

முதல் மூன்று நாளும் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. காலைச் சாப்பாட்டுக்குப் போனால் பணியாள் வந்து எதிரில் இருக்கும் கோப்பையையும் கரண்டியையும் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போவான். அவன் மரியாதையாகத்தான் செய்தான். எனக்கு அது ஒவ்வொரு நாளும் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நாலாம் நாள் அந்தச் சாப்பாட்டறையும் வேண்டாம், கடற்கரையும் வேண்டாம் என்று மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டேன். இரண்டு மணிக்கு மேலே போகும் பஸ் ஐந்து மணிக்குக் கீழே இறங்கும்.

பஸ் ஊருக்கு வெளியே இறக்கிவிட்டது. அங்கிருந்து படிகள். வெள்ளை வீடுகளுக்கு இடையில் இரண்டு பேர் உரசிக்கொண்டு போகக்கூடிய ஒழுங்கை. ஏறி ஏறி உச்சிக்கு வந்தால் ஒரு தேவாலயம், ஒரு மரம், மரத்தின் கீழ் நீல மேசைகள் நாலைந்து. கதவுக்கு மேல் பார் என்று எழுதியிருந்தது. வேறெங்காவது ஒரு வாங்கு இருந்திருந்தால் நான் அதில்தான் இருந்திருப்பேன். கால் கெஞ்சியது. போய் உட்கார்ந்தேன்.

பார்க்கார மனுசிக்கு எழுபது வயதிருக்கும். ஸ்டுட்கார்ட்டில் இருபது வருடம் தொழிற்சாலை வேலை செய்தவராம், ஜெர்மன் நன்றாகக் கதைத்தார். என்னுடைய ஜெர்மன் சூரிச்சில் வாளியும் துடைப்பமுமாகப் பொறுக்கியது. ஆனாலும் சமாளித்தோம். வந்தவுடன் ஒரு விரலைக் காட்டி, நீங்கள் ஒரு ஆள்தானா என்று கேட்டார்.

"அவர் பின்னால வாறார்" என்றேன். சொல்லிக்கொண்டே கைப்பையை எடுத்து எதிர்க் கதிரையில் வைத்துவிட்டேன்.

திட்டமிட்டுச் சொன்ன பொய்யல்ல அது. வாழ்நாள் முழுவதும் நான் சொல்லிக்கொண்டிருந்த வசனம். எந்த மண்டபமானாலும், அட்லிஸ்வில் முருகன் கோயில் என்றாலும், என் கணவர் என்னை வாசலில் இறக்கிவிடுவார். "நீ முன்னுக்குப் போய் இடம் பிடி, நான் காரை விட்டிட்டு வாறன்" என்பார். காரை விட ஐந்து நிமிடம், கார் விட்ட இடத்தில் ஊர்ப்புதினம் கதைக்க ஒரு மணித்தியாலம். நான் பக்கத்துக் கதிரையில் கைப்பையை வைத்துக்கொண்டு காவல் இருப்பேன். ஆள் இருக்கு, அவர் பின்னால வாறார் என்று எத்தனை பட்டுச்சேலைக்காரிகளைத் துரத்தியிருக்கிறேன். சிலர் இன்றும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. தாலி கட்டி முடிந்து சோறு வரும் நேரம் பார்த்து இவர் ஆடி அசைந்து வந்து இருப்பார்.

அவர் இறந்து அப்போது இரண்டு விண்டர் முடிந்திருந்தது. வேலைக்குப் போன இடத்தில் விழுந்தவர்தான். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே செய்தி லாங்கன்தாலில் இருக்கும் அவருடைய தம்பிக்குப் போய்விட்டது. தம்பி மரண அறிவித்தல் கொடுத்தார். நகரசபை அலுவலெல்லாம் மகள் பார்த்தாள். என் வேலைத்தலத்துக்கும் அவள்தான் அறிவித்தாள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் தெரிந்துகொண்டுதான் வந்தார்கள், வாசலிலேயே கட்டிப்பிடித்து அழுதார்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு செய்தி நமக்கு முன்னால் ஓடிவிடும். அதனால் அவர் செத்துப்போனார் என்று என் வாயால் ஒருவருக்கும் சொல்லவேண்டி வரவில்லை. அதுவரை நானும் சொன்னதில்லை.

அங்கே கோப்பி கேட்டால் கூடவே ஒரு கிளாஸ் குளிர்தண்ணீரும் வைப்பார்கள். எனக்கு அந்த மனுசி இரண்டு கிளாஸ் வைத்தார், மற்றது எதிர்க் கதிரைக்கு. நான் பஸ்ஸுக்கு எழும்பியபோது, உங்கள் புருசன் வரவில்லையே என்று கேட்டார். முழங்கால் வருத்தம், படி ஏற ஏலாமல் கீழே நின்றுவிட்டார் என்றேன். முழங்கால் வருத்தம் உண்மை. இருந்தவரைக்கும் அதைச் சொல்லித்தான் ஒரு வேலையும் செய்யமாட்டார்.

அடுத்த நாளும் போனேன். எனக்குத் தெரியும், அது சரியில்லை. ஆனால் அந்த முழுத் தீவிலும் என்னை இரண்டு பேராகப் பார்க்கும் ஒரே ஆள் அந்த மனுசிதான். போனதும் முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். எண்ணெய் பூசிவிட்டேன், கொஞ்சம் சுகம், இன்றைக்கு வரப்பார்ப்பார் என்று சொன்னேன். சொல்லச்சொல்ல எனக்கு உடம்பெல்லாம் லேசாகிக்கொண்டு வந்தது. அவர் கீழே எங்கோ ஒரு படியில் நின்று யாரோடாவது கதைத்துக்கொண்டிருக்கிறார், நான் இடம் பிடித்து வைத்திருக்கிறேன். இரண்டு நாள் அவர் உயிரோடு இருந்தார். ஐந்து மணிக்கு எழும்பியபோது, பாவம், அவருக்குக் கொடுங்கள் என்று அந்த மனுசி தேனில் ஊறிய ஒரு பலகாரத் துண்டைத் தாளில் சுற்றித் தந்தார். அறைக்குப் போய் அதை நானே சாப்பிட்டேன். அவருக்கு நீரிழிவு, உயிரோடு இருந்திருந்தாலும் தொடவிட்டிருக்கமாட்டேன்.

மூன்றாம் நாள்தான் நான் அங்கே போன கடைசி நாள். வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு பெட்டி சொக்லேட் கொண்டுபோனேன். அவர் தந்துவிட்டார் என்று சொல்லிக் கொடுத்தேன். அந்த மனுசிக்குப் பெரிய சந்தோசம். உள்ளே கொண்டுபோய்ப் போத்தல்களுக்கு நடுவில், வருகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி நிறுத்தி வைத்தார்.

அன்றைக்குக் கப்பலில் வந்த கூட்டம் ஒன்று மலைக்கு ஏறி வந்தது. முப்பது பேராவது இருக்கும். கண்மூடித் திறக்குமுன் மேசைகள் நிறைந்துவிட்டன. பொல்லு ஊன்றிய ஒரு கிழவர் மட்டும் இடமில்லாமல் நின்றார். வேர்த்து ஊற்றியது. என் மேசைக்கு வந்து கைப்பை இருந்த கதிரையைக் காட்டி ஏதோ கேட்டார். நான் வாய் திறக்குமுன் அந்த மனுசி தட்டத்தோடு ஓடிவந்து அவரை மறித்தார். இந்தக் கதிரைக்கு ஆள் இருக்கிறது, இவருடைய புருசன் வருகிறார் என்றார். எனக்காக, என்னைப் போலவே சண்டை பிடித்தார். கிழவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்த் தேவாலயச் சுவரில் சாய்ந்து நின்றார். அவருடைய முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்த முழங்காலை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"அவர் வரமாட்டார்" என்றேன். "என்ர புருசன் செத்துப்போனார். ரெண்டு விண்டர் முடிஞ்சுது."

முதன்முதல் என் வாயால் அதைச் சொன்னது தமிழில் அல்ல, ஜெர்மனில். தமிழில் என்றால் இன்னும் பல வருடம் எடுத்திருக்கும்.

அந்த மனுசி தட்டத்தை மேசையில் வைத்தார். அணைக்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை.

"மூண்டு நாளா இந்தக் கதிரையை நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை" என்றார். கோபம்தான். நியாயமான கோபம்.

பிறகு என் கைப்பையை எடுத்து என்னிடம் தந்தார். கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரோரம் கிழவருக்குப் போட்டார். திரும்பி வந்து, எதிர்ப்பக்கம் இருந்த தண்ணீர்க் கிளாஸை எடுத்து நின்றபடியே ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வெறுங் கிளாஸோடு உள்ளே போனார்.

எதிரில் கதிரை இல்லாத ஒரு மேசையில் நான் அதற்குமுன் இருந்ததில்லை. கைப்பையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நிலத்தில் வைக்க மனம் வரவில்லை. மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஐந்து மணி பஸ் வரும்வரை அழுதேன்.