எண் இரண்டு, படுக்கையறை

"உங்க ஊர்க்காரங்க படுக்கையிலதான் மீன் அரிவாங்களா?"

பட்டணத்திலிருந்து ஜீப்பில் வந்திறங்கிய புள்ளிவிவர அதிகாரி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. எண்பதுகளின் தொடக்கம். புதுச்சேரிப் பக்கம் வில்லியனூர் கொம்யூனில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். அங்கே ரெக்கார்டு கிளார்க் வேலை பார்த்தது நான். காகிதத்தில் தினக்கூலி அட்டெண்டர். எட்டாவது பெயிலானவன் என்பதை எங்கும் மறைத்ததில்லை. தரை துடைக்கப் போனவனை, கம்பவுண்டரின் கிறுக்கலைப் படிக்க வேறு ஆளில்லை என்று டாக்டரம்மாவே கூப்பிட்டு மேஜையில் உட்கார வைத்தார். அந்த மேஜைக்கு நான் யாரிடமும் சிபாரிசு கேட்கவில்லை.

நிரந்தர வேலைக்கான என் ஃபைல் அப்போதுதான் மேலே போயிருந்தது. என் ரெக்கார்டு சரி என்று இந்த அதிகாரி எழுதினால் வேலை. தப்பு என்று எழுதினால் மறுபடி துடைப்பம்.

விஷயம் இதுதான். காயத்தோடு வருகிறவர்களுக்கு இரண்டு நம்பர் போட வேண்டும். காயம் எப்படி ஆனது என்பதற்கு ஒன்று, எங்கே ஆனது என்பதற்கு ஒன்று. வயலுக்கும் ரோட்டுக்கும் தனித்தனி நம்பர். வீடு என்றால் வீட்டுக்குள் எந்த இடம் என்று பட்டணத்து நம்பர் புத்தகம் கேட்டது. ஒன்று சமையலறை, இரண்டு படுக்கையறை, மூன்று குளியலறை, நான்கு மாடிப்படி. ஒன்பது என்றால் 'தெரியவில்லை'. ஒன்பது அதிகமானால், மாதாமாதம் பட்டணத்துக்கு அனுப்பும் கணக்கு, அதாவது ரிட்டன், திரும்பி வந்துவிடும். வருகிறவர்களைக் கேட்டால், "வூட்லதான் சார்" என்பார்கள். எல்லாம் ஒற்றை அறைக் கூரை வீடுகள். எல்லாரும் அதில்தானே படுக்கிறார்கள் என்று நானே முடிவு செய்து, எல்லாவற்றுக்கும் இரண்டு போட்டேன். ஒரு ரிட்டன்கூடத் திரும்பவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வேறு.

அதிகாரி வரிசையாகப் படித்தார். "மீன் அரியும்போது அருவாமனை வெட்டு, படுக்கையறை. கஞ்சி கொட்டிக் கால் வெந்தது, படுக்கையறை. அம்மிக் குழவி விழுந்து விரல் நசுங்கியது, படுக்கையறை. இத்தனை பெட்ரூம் எங்கய்யா இருக்கு?"

"வாங்க சார், காட்டுறேன்" என்றேன். வாய் சொல்லிவிட்டது.

உறுவையாறு என்ற ஊரில் அஞ்சலை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். கால் வெந்த குழந்தையின் தாய். ஜீப்பைப் பார்த்ததும், "இன்னா சார், ஊசியா?" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். அதிகாரி குனிந்து உள்ளே போனார். மூலையில் அடுப்பு, பக்கத்தில் அம்மி, சுவரோரம் சுருட்டி நிறுத்திய பாய்.

"படுக்கையறை எதும்மா?"

"பாய விரிச்சா இதான் சார். சுருட்டிட்டா அடுப்பங்கர."

"குழந்தை மேல கஞ்சி கொட்டினப்போ?"

"விரிச்சிதான் இருந்துச்சு. வெடியறதுக்குள்ள நடவுக்குப் போற அவசரம். இவன் தூங்கினு இருந்தான். நான் பானைய எறக்கி வச்சிட்டுத் திரும்புறேன், பொரண்டு ஒதச்சிட்டான்." பிள்ளையின் காலைத் தடவிக்கொடுத்தாள். "பாய சுருட்டிட்டு எறக்கியிருக்கணும் சார்."

மீன் அரிந்து விரலை வெட்டிக்கொண்டவர் பக்கத்து வீட்டு அம்மா. எட்டிப் பார்த்தவரை நானே கேட்டேன். "யக்கா, மீன் அரிஞ்சப்போ பாய் விரிச்சிருந்துச்சா?"

"ஏன்டா, மத்தியானத்துல பாய விரிச்சி அதுமேல மீன் அரிய எனக்கு இன்னா பைத்தியமா?"

டிரைவர் சிரித்துவிட்டார். எனக்கு அந்த இடத்தில் புத்தி வந்தது. "சார், கஞ்சிக்கு ரெண்டு சரி. மீனுக்கு ஒன்னு போட்டிருக்கணும், அது என் தப்பு. பாய் விரிச்சிருந்துச்சான்னு ஒருத்தரையும் நான் கேக்கல."

"பாய் எந்தப் புத்தகத்துல இருக்குய்யா?"

"புத்தகம் எழுதினவரு கட்டில்ல படுத்திருப்பாரு சார்."

அவர் முறைத்தார். ஆனால் திட்டவில்லை. "சனிக்கிழமைக்குள்ள இந்த வருஷத்து ரிட்டன் மொத்தமும் திருத்தி வரணும். வீடு வீடாக் கேட்டு" என்று ஜீப்பில் ஏறினார்.

கேட்டேன். சைக்கிளில் உறுவையாறு தொடங்கி எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஆள் வரும் ஊரெல்லாம் போனேன். இரண்டு பஞ்சர். வெள்ளிக்கிழமை சாயங்காலமே ரிட்டன் தயார். அதில் டாக்டரம்மாவுக்கே தெரியாத ஒன்று தெரிந்தது. பிள்ளைகள் மேல் வெந்நீரும் கஞ்சியும் கொட்டியது பெரும்பாலும் காலையில், பாயைச் சுருட்டும் முன்னால். படித்த யாரும் கண்டுபிடிக்கவில்லை, நான் கண்டுபிடித்தேன். நர்சம்மா ஊர் ஊராகப் போய், "பாயச் சுருட்டுங்க, அப்புறம் பானைய எறக்குங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்.

என் ஃபைலில் 'நேரில் விசாரித்து எழுதப்பட்டது' என்று அதிகாரி கைப்பட எழுதியிருந்தார். நிரந்தர வேலைக்கு ஆர்டர் வந்தது. ரிடையர் ஆகும்வரை அந்த மேஜை என்னுடையது.

இன்று கம்ப்யூட்டர் முன்னால் நோய்க்கும் காயத்துக்கும் நம்பர் போட்டு மெடிக்கல் கோடிங் செய்யும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நம்பரை அப்புறம் தேடுங்கள். முதலில் அடிபட்டவரைக் கேளுங்கள். கேட்கிற ஆளை ஊர் மறக்காது. இரண்டு வருடம் கழித்து அஞ்சலை அருவாமனையில் வெட்டிய விரலோடு என் மேஜைக்கு வந்தாள். நான் பேனா எடுக்கும் முன்பே சொன்னாள்:

"பாயி சுருட்டிதான் சார் இருந்துச்சு. ஒன்னு போட்டுக்கோ."