மூலையில் சிவந்த கோவணம்

நாற்பத்து மூன்று வயதில் முதல் பிள்ளை பிறந்தால், தும்மினாலே ஆம்புலன்ஸைத் தேடத் தோன்றும். என் மகளுக்கு ஒன்றரை மாதத்தில் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் சொட்டு மருந்து கொடுத்தார்கள். தென்காசி ஆஸ்பத்திரி நர்ஸ் அப்போது சொன்னார்: "ரொம்ப அபூர்வமா குடலுக்குள்ள குடல் சொருகி அடைச்சுக்கிடும். ஒரு வாரம் கவனமா பாருங்க. விட்டு விட்டு வீறிட்டு அழுதா, வாந்தி எடுத்தா, மலத்துல ரத்தம் போனா உடனே தூக்கிட்டு வாங்க."

'ரொம்ப அபூர்வமா' மட்டும் என் காதில் ஏறவில்லை.

எங்கள் வீடு குற்றாலத்தில். சாரல் காலம், துணி காயாது. மகளின் கோவணம் துவைப்பது என் இலாகா. ஐந்தாம் நாள் காலையில் ஒன்றை எடுத்துச் சோப்புப் போட்டேன். மூலை குப்பென்று சிவந்தது.

"ஏட்டி, ரத்தம்!"

மனைவி எட்டிப் பார்த்தாள். "பாலக் குடிச்சிட்டு சிரிச்சிக்கிட்டு கெடக்கா, அவளுக்கா ரத்தம்?"

"நீ என்ன டாக்டரா?"

"நீங்கதான் டாக்டராக்கும்! மொதல்ல சட்டையப் போடுங்க."

ஈரத் துணியைப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறினோம். அருவிக்கு வந்த கூட்டம் ரோட்டை அடைத்திருந்தது. தலையை வெளியே நீட்டி, "ஏலே, வழிய விடுங்கலே! பிள்ளைக்குக் குடல்ல அடைப்பு!" என்று கத்தினேன். எண்ணெய் சொட்டச் சொட்ட நின்ற நாலு துண்டுக்காரர்கள் ஓடிவந்து ஒரு வேனையே ஓரங்கட்டினார்கள். அடைப்புக்காரி அசந்து தூங்கிவிட்டாள்.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "மெத்துன்னு இருக்கு. ஒண்ணுமில்ல." விடுவேனா? பையைப் பிரித்துச் சாட்சியை நீட்டினேன். நர்ஸ் அதை முகர்ந்தார்.

"புதுத்துணியா அண்ணாச்சி? மஞ்சள் வச்சீங்களோ?"

வைத்தேன். பழையவை காயாததால் முந்தின நாள்தான் புதிதாக வாங்கியிருந்தோம்; புதுத்துணியை மூலையில் மஞ்சள் தடவாமல் உடுத்தலாமா? பன்னிரண்டு கோவணத்துக்கும் நானே உட்கார்ந்து தடவினேன்.

"மஞ்சள்ல சோப்பு பட்டா செவக்கும்லா."

மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

மானத்தைக் காப்பாற்ற, "மருந்து குடுத்த பெறகு எது நடந்தாலும் எழுதி மேல அனுப்புவீங்களாமே, இதையும் எழுதுங்க" என்றேன்.

"சோப்புக்கெல்லாம் அதுல கட்டம் கெடையாது அண்ணாச்சி. ஆனா சிரிச்சிட்டாங்கன்னு அடுத்த தடவ வராம இருந்துராதீங்க. நெசமா வந்தா நேரம் கடத்தக் கூடாது. துணிய மட்டும் நனைக்காம கொண்டாங்க."

அந்நேரம் மகள் கண் விழித்தாள். முகம் சிவக்க முக்கினாள். மஞ்சளாக, தாராளமாக, என் வேட்டியெல்லாம் வெளிக்கு இருந்துவைத்தாள்.

நர்ஸ் துடைக்கப் பஞ்சோடு வந்தார். "கொஞ்சம் இருங்க" என்று அவரை நிறுத்திவிட்டு, குனிந்து ஒருமுறை நிதானமாகப் பார்த்துக்கொண்டேன்.