தெரியுதா டீச்சரும் சுற்றும் வட்டமும்

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் அந்த டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் ‘தெரியுதா டீச்சர்’. கரும்பலகைக் காலத்திலிருந்தே எதை வரைந்தாலும் திரும்பிப் பார்த்து, “கடைசி பெஞ்சுக்குத் தெரியுதா?” என்று கேட்பாள். சிவப்பும் நீலமுமாக இரண்டே சாக்பீஸில் இதயத்தை வரைந்து ரத்தத்தை ஓடவிட்ட கை அது. வகுப்பில் டிஜிட்டல் போர்டு வந்த பிறகு, அதே கேள்வி அவள் வாயில் நடுங்க ஆரம்பித்தது.

அன்று மணி அடிப்பதற்கு வெகு முன்பே மாடி வகுப்பைத் திறந்து, லேப்டாப்பை போர்டோடு இணைத்துக்கொண்டிருந்தாள். முதல் பீரியடே தலைமையாசிரியை வந்து உட்காரப் போகிறார். இந்தத் தடவையும் சொதப்பினால் எட்டாம் வகுப்பைப் புதிதாக வந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு, இவளை ஆபீஸில் அட்மிஷன் வேலைக்குப் போடுவதாக முகத்துக்கு நேராகவே சொல்லியாகிவிட்டது.

போன தடவை நடந்தது சாதாரணக் கூத்தில்லை. போர்டில் புதிதாக ஒரு வரி வந்தால் எல்லாரும் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்பது அவள் வகுப்பின் பழக்கம். தூங்குகிறவனும் விழித்துக்கொள்வான் என்று அவளே ஏற்படுத்தியது. தலைமையாசிரியை உட்கார்ந்திருக்கும்போதே, செரிமானப் பாடத்தின் நடுவில், திரையின் மூலையில் தங்கை அனுப்பிய செய்தி முளைத்தது. வகுப்பே ராகம் போட்டு வாசித்தது: “அக்கா, இந்த மனுஷனோட இனிமே என்னால முடியாது.”

போனில் வருவது லேப்டாப்பிலும் வரும்படி செய்து வைத்தது அவள் வீட்டுக்காரர். கேள்வித்தாள் அனுப்ப வசதியாம். அதை எடுத்துவிடுங்கள் என்றதற்கு, “போட்டது ஞாபகம் இருக்கு, எடுக்கிறது எப்படின்னுதான் மறந்துபோச்சு” என்று பேப்பரைப் புரட்டினார். தங்கையிடம், மத்தியானம் வரைக்கும் உன் புருஷன் தலைகீழாக நின்றாலும் எனக்குச் சொல்லாதே என்று நேற்றே கெஞ்சியிருந்தாள்.

வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். இதயம் திரை முழுக்கத் துடித்தது. சத்தமும் வந்தது. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, தெரிகிறதா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் தங்கையின் வாயை நம்ப முடியவில்லை. பிள்ளைகள் படியேறும் சத்தம் கேட்டதும், கைப்பைக்குள்ளேயே போனைத் தடவி ஃபிளைட் மோடில் போட்டுவிட்டாள். இனி ஒரு ஈ காக்கை உள்ளே வராது.

தலைமையாசிரியை வந்து கடைசி பெஞ்சில் அமர்ந்தார். டீச்சர் வீடியோவைத் தொட்டாள். போர்டில் ஒரு வட்டம் தோன்றிச் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

“சுத்துது டீச்சர்” என்றான் முன்வரிசைப் பையன், அவளுக்குத் தெரியாதது போல.

அப்போதுதான் உறைத்தது. பள்ளிக்கூடத்து நெட் மாடிக்கு ஏறாது. இத்தனை நாளும் அவள் ஓட்டிக்கொண்டிருந்தது தன் போன் நெட்டில். காலையில் இதயம் துடித்ததும் அதில்தான். தன் கையாலேயே அதன் மூச்சை நிறுத்தியிருக்கிறாள். வகுப்புக்குள் ஆசிரியர்கள் போன் கொண்டுவரக் கூடாது என்பது தலைமையாசிரியை போட்ட சட்டம். மாடி முழுக்க நெட் வருகிறது என்று நிர்வாகத்திடம் பெருமையாகச் சொல்லி வைத்திருப்பவரும் அவர்தான்.

போனை உயிர்ப்பித்தால் தங்கை வருவாள். விட்டால் எட்டாம் வகுப்பு போகும். கண்ணாடியைத் தேடுகிற பாவனையில் பைக்குள் கையை விட்டு, கண்ணை மூடிக்கொள்ளாத குறையாக அமுக்கினாள்.

வட்டம் நின்றது. இதயம் துடித்தது. அவளுடையது அதைவிட வேகமாக. ரத்தம் மேலறைக்குள் நுழையும் இடத்தை அவள் காட்டிக்கொண்டிருந்தபோது, மூலையில் அது வந்தேவிட்டது. மறைக்கப் போனவள் கை எட்டுவதற்குள் வகுப்பு வாசித்து முடித்தது:

“அக்கா, கிளாஸ் முடிஞ்சுதா? பயப்படாத.”

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“யாரு?” என்றார் தலைமையாசிரியை.

“தங்கச்சி, மேடம்.”

“அந்தத் தங்கச்சியா?”

“அதே தங்கச்சிதான், மேடம்.”

“நடத்துங்க.”

நடத்தினாள். பாதியில் வீடியோவை நிறுத்திவிட்டுப் பக்கத்துக் கரும்பலகையில் வால்வுகளை வரைந்து காட்டினாள். என்ன சொன்னோம் என்பது அவளுக்கே பிறகு நினைவில்லை. மணி அடித்ததும் தலைமையாசிரியை வாசலில் அவளை நிறுத்தினார்.

“எட்டாம் வகுப்பு உங்ககிட்டயே இருக்கட்டும். பாடம் புரியுது. ஆனா நாளையிலேர்ந்து உங்க போன் இந்த மாடிப்படியே ஏறக் கூடாது. போர்டுல நடத்துறதை விட்டுடாதீங்க, நிர்வாகத்துலேர்ந்து பார்க்க வர்றாங்க.”

“சரி, மேடம்” என்று சொன்னது அவள் வாய். கால்கள் இன்னும் அங்கேயே நின்றன. போன் இல்லாமல் ஏது போர்டு? நெட் வரவில்லை என்று சொன்னால் மேடத்தின் பெருமையில் மண் விழும். சொல்லாவிட்டால் நாளை வட்டம் சுற்றும்.

சாப்பாட்டு நேரத்தில் மற்ற ஆசிரியைகள் டிபன் பாக்ஸைத் திறந்தபோது அவள் அங்கே இல்லை. லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பள்ளிக்கூடத்து நெட் எந்தப் படி வரை வருகிறதென்று பார்த்தபடி, ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தாள். படி திரும்பும் இடத்தில் வட்டம் மறுபடி சுற்ற ஆரம்பித்தது.